ஹெபடைடிஸ் பி 'பாசிட்டிவ்' வந்தாச்சா? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எந்த எண் எதைச் சொல்கிறது? முழு விளக்கம்

வளைகுடா வேலைக்கான மெடிக்கல், கர்ப்பகாலப் பரிசோதனை, ரத்த தானம், ஆபரேஷனுக்கு முன்பு எடுக்கும் டெஸ்ட்... ஹெபடைடிஸ் பி இருப்பது பலருக்கும் இப்படி வேறு ஏதோ காரணத்துக்காக ரத்தம் கொடுக்கும்போதுதான் தெரியவருகிறது. உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சளும் இல்லை. ரிப்போர்ட்டில் மட்டும் 'ரியாக்டிவ்' என்று தடித்த எழுத்தில் இருக்கும்.

அதைப் பார்த்ததும் சிலர் 'எல்லாம் முடிஞ்சுபோச்சு' என்று உடைந்துபோகிறார்கள். இன்னும் சிலர், 'நீங்க வெறும் கேரியர்தான்' என்று யாரோ சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பத்து வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. இரண்டு பேருக்குமே ரிப்போர்ட் சொன்னது சரியாகப் புரியவில்லை என்பதுதான் பிரச்னை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-ல் உலகம் முழுவதும் 25.4 கோடி பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யுடன் வாழ்ந்தனர். இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடி பேர். இவர்களில் பலர் மருந்தே இல்லாமல், கண்காணிப்பில் மட்டும் நல்லபடியாக வாழ முடியும். சிலருக்கு மட்டும் உடனே மாத்திரை தேவை. யார் எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைகள்தான் சொல்கின்றன.

சுருக்கமா சொன்னா...

* 'பாசிட்டிவ்' என்பது வைரஸ் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது.
* வைரஸ் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் ஆபத்து பெரிது, சிறிதாக இருந்தால் ஆபத்து சிறிது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.
* 'நார்மல்' என்று லேப் அச்சடித்துக் கொடுக்கும் அளவு, ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு நார்மலாக இல்லாமல் போகலாம்.
* ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. பழைய ரிப்போர்ட்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே ரிப்போர்ட், மூன்று கேள்விகள்

ஹெபடைடிஸ் பி-க்கு எடுக்கும் டெஸ்ட்டுகள் நிறைய. பெயர்களும் ஒன்றுபோலவே இருப்பதால் குழப்பம் வரும். ஆனால் எல்லாமே மூன்று கேள்விகளில் ஒன்றுக்குத்தான் பதில் தேடுகின்றன.

1. உடம்பில் வைரஸ் இருக்கிறதா?
2. இருந்தால், எந்த வேகத்தில் பெருகுகிறது?
3. அதனால் கல்லீரலுக்குப் பாதிப்பு வந்திருக்கிறதா?

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததும் ஒவ்வொரு வரியும் இந்த மூன்றில் எதற்கான பதில் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி 1: வைரஸ் இருக்கா?

ஹெச்.பி.எஸ்.ஏஜி: வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதம் இது. ரத்தத்தில் இது இருந்தால் வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க் 1960-களில் இதைக் கண்டுபிடித்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்டறியப்பட்டதால் முதலில் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வந்தது. இன்றும் சில இடங்களில் அந்தப் பெயரே புழங்குகிறது. பிளம்பெர்க்குக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28-ம் தேதிதான் உலக ஹெபடைடிஸ் தினம்.

இந்த டெஸ்ட் பாசிட்டிவாகி 6 மாதங்களுக்கு மேலும் அப்படியே நீடித்தால் அது 'நாள்பட்ட' ஹெபடைடிஸ் பி. அதனால்தான் முதல்முறை பாசிட்டிவ் வந்தவர்களை 6 மாதம் கழித்து மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்று வந்தால் 100-ல் 95 பேர் அளவுக்குத் தானாகவே குணமாகிவிடுகிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளுக்கு நிலைமை தலைகீழ். சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாக மாறிவிடும்.

பலரைப் பயமுறுத்தும் எண் ஒன்று இங்கே இருக்கிறது. சில லேப்களில் 'ரியாக்டிவ்' என்பதற்குப் பக்கத்தில் 3,850 அல்லது 4,500 என்று ஒரு எண் போட்டு, நார்மல் '1-க்குக் கீழே' என்று எழுதியிருப்பார்கள். இதைப் பார்த்து 'வைரஸ் ஆயிரக்கணக்கில் இருக்கு' என்று பயந்துவிடுகிறார்கள். அது வைரஸின் எண்ணிக்கையே கிடையாது. டெஸ்ட் செய்யும் மெஷினில் கிடைத்த சிக்னல், கட்ஆஃப் அளவைவிட எத்தனை மடங்கு என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. 1-க்கு மேல் என்றால் ரியாக்டிவ், அவ்வளவுதான். இந்த எண் ஏறியதா இறங்கியதா என்று மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஆன்டி ஹெச்.பி.எஸ்: இது வைரஸுக்கு எதிராக நம் உடம்பு உருவாக்கும் பாதுகாப்பு. இந்த ஒரு டெஸ்ட்டில் 'பாசிட்டிவ்' என்றால் நல்ல செய்தி. ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லி இன்டர்நேஷனல் யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆன்டி ஹெச்.பி.சி: வைரஸ் எப்போதாவது உடம்புக்குள் வந்திருக்கிறதா என்பதற்கான சாட்சி. தடுப்பூசி போட்டால் இது வராது. உண்மையான தொற்று வந்தவர்களுக்கு மட்டும்தான் வரும். இதில் 'ஐ.ஜி.எம்' வகை பாசிட்டிவாக இருந்தால் பெரும்பாலும் புதிய தொற்று. பழைய தொற்று திடீரென்று வேகமெடுக்கும்போதும் சில நேரம் வரும்.

மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்:

* ஆன்டி ஹெச்.பி.எஸ் மட்டும் பாசிட்டிவ், மற்ற இரண்டும் நெகட்டிவ்: தடுப்பூசியால் கிடைத்த பாதுகாப்பு.
* ஆன்டி ஹெச்.பி.எஸ், ஆன்டி ஹெச்.பி.சி இரண்டும் பாசிட்டிவ், ஹெச்.பி.எஸ்.ஏஜி நெகட்டிவ்: முன்பு தொற்று வந்து குணமாகியிருக்கிறது.
* ஹெச்.பி.எஸ்.ஏஜி, ஆன்டி ஹெச்.பி.சி இரண்டும் பாசிட்டிவ்: இப்போது தொற்று இருக்கிறது. 6 மாதம் தாண்டினால் நாள்பட்டது.
* மூன்றுமே நெகட்டிவ்: தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தடுப்பூசி போட வேண்டியவர்.
* ஆன்டி ஹெச்.பி.சி மட்டும் பாசிட்டிவ்: பெரும்பாலும் பழைய தொற்றின் தடயம். டாக்டர் வேறு டெஸ்ட் எழுதித் தரலாம்.

குணமானவர்களும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. வைரஸின் ஒரு சிறு பகுதி கல்லீரல் செல்களுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். கீமோதெரபி, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள், நீண்ட நாள் ஸ்டீராய்டு என எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் சிகிச்சை தொடங்கினால் அது மறுபடி எழுந்துவிடலாம். அப்படிப்பட்ட சிகிச்சைக்கு முன்பு 'எனக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி வந்திருக்கு' என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேள்வி 2: வைரஸ் எந்த வேகத்தில் பெருகுது?

ஹெச்.பி.இ.ஏஜி: எஸ் இருந்த இடத்தில் இ. இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்காமல் போகிறவர்கள் அதிகம். இது பாசிட்டிவாக இருந்தால் வைரஸ் வேகமாகப் பெருகுகிறது, அடுத்தவருக்குப் பரவும் வாய்ப்பும் அதிகம் என்று அர்த்தம்.

இது நெகட்டிவ் என்று வந்தால் 'நோய் போயிடுச்சு' என்று நினைத்துவிடக் கூடாது. ஹெச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவாக இருக்கும்வரை தொற்று இருக்கிறது. பலருக்கு இ ஆன்டிஜென் மறைவது வைரஸ் அடங்கியதன் அடையாளம். ஆனால் சிலருக்கு, இந்தப் புரதத்தை உருவாக்காமலேயே பெருகும் அளவுக்கு வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். இந்தியாவில் இது அரிதல்ல. இந்த இரண்டில் எது என்பதை அடுத்த டெஸ்ட்தான் சொல்லும்.

ஹெச்.பி.வி டி.என்.ஏ: 'வைரல் லோடு' என்று சொல்வது இதைத்தான். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பதை 'இன்டர்நேஷனல் யூனிட்' கணக்கில் தருவார்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் 'காப்பீஸ்' என்று இருக்கும். 1 யூனிட் என்பது சுமார் 5 காப்பீஸ். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு 'அஞ்சு மடங்கு குறைஞ்சிருச்சு' என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

இந்த டெஸ்ட்டில் அளவு சில பத்துகளிலிருந்து 100 கோடியைத் தாண்டியும் போகலாம். அதனால் லேப்கள் எண்ணைச் சுருக்கி எழுதும். 3.2 × 10⁵ என்று இருந்தால் 3,20,000. அதையே 'லாக் 5.5' என்றும் எழுதுவார்கள். லாக் எண் 1 கூடினால் வைரஸ் 10 மடங்கு கூடியிருக்கிறது, 1 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

ஒருமுறை 1,200, அடுத்த முறை 2,100 என்று வந்தால் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். இரண்டு மூன்று மடங்கு ஏற்ற இறக்கம் இந்த டெஸ்ட்டில் சகஜம். 10 மடங்கு மாற்றம்தான் உண்மையான மாற்றம். ஆனால் 2,000 என்ற எல்லையை ஒட்டி இருப்பவர்கள் அடுத்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

'டார்கெட் நாட் டிடெக்டட்' என்றால் மெஷினால் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கு வைரஸ் இல்லை. '20-க்கும் கீழே' என்பது போல வந்தால் வைரஸ் இருக்கிறது, ஆனால் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு. இரண்டுமே நல்ல ரிசல்ட்தான். இரண்டுக்கும் 'நோய் முழுசா போயிடுச்சு' என்று அர்த்தம் கிடையாது.

கேள்வி 3: கல்லீரல் எப்படி இருக்கு?

எஸ்.ஜி.பி.டி: ஏ.எல்.டி என்றும் எழுதுவார்கள். கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைம் இது. செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். அதனால் இது ஏறினால் கல்லீரலில் அழற்சி நடக்கிறது என்று பொருள்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்பது 40, 45, சில இடங்களில் 50-க்கு மேல்கூட இருக்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2024 ஹெபடைடிஸ் பி வழிகாட்டுதலில் ஆண்களுக்கு உச்ச அளவு 30, பெண்களுக்கு 19 மட்டுமே. அதாவது 38 என்று வந்த ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் சிவப்பு நிறமோ, நட்சத்திரக் குறியோ இருக்காது. ஆனால் அது இந்த அளவைவிட இரண்டு மடங்கு.

அதே சமயம் எஸ்.ஜி.பி.டி ஏறினால் வைரஸ் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கொழுப்புக் கல்லீரல், மது, காசநோய் மாத்திரைகள், அளவுக்கு மீறிய பாராசிட்டமால், கடைகளில் வாங்கிச் சாப்பிடும் லேகியம், பவுடர் எல்லாமே ஏற்றிவிடும். டெஸ்ட்டுக்கு முதல்நாள் ஜிம்மில் கடுமையான உடற்பயிற்சி செய்தாலும் ஏறலாம். இதையெல்லாம் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால்தான் சரியான காரணம் பிடிபடும்.

எஸ்.ஜி.ஓ.டி: ஏ.எஸ்.டி என்பதும் இதுதான். கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கும். இதைத் தனியாகப் பார்ப்பதைவிட மற்ற எண்களோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பயன்.

பிலிருபின், ஆல்புமின், ஐ.என்.ஆர்: கல்லீரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பதை இவைதான் காட்டும். பிலிருபின் ஏறினால் மஞ்சள் தெரியும். ஆல்புமின் குறைந்தாலும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் ஏறினாலும் கல்லீரல் தளர்ந்திருக்கலாம். இந்த மூன்றும் கெட்டுப்போகும்வரை காத்திருப்பது ஆபத்து. கல்லீரலில் பாதிப்பு பல ஆண்டுகள் வளர்ந்த பிறகும் இவை நார்மலாகவே இருக்கக்கூடும்.

பிளேட்லெட்: டெங்கு காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான அதே தட்டணுக்கள்தான். கல்லீரலில் தழும்பு அதிகமாகும்போது மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எண்ணிக்கை குறையும். நார்மல் 1.5 லட்சத்துக்கு மேல். 2.6 லட்சம், 2.1 லட்சம், 1.6 லட்சம் என்று வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தால், நார்மலுக்குள் இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு

கல்லீரலில் தழும்பு இருக்கிறதா என்று உத்தேசமாகச் சொல்ல 'ஏப்ரி' என்றொரு ஸ்கோர் இருக்கிறது. சாதாரண ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு எண்கள் போதும்.

* எஸ்.ஜி.ஓ.டி எண்ணை, லேப் கொடுத்திருக்கும் அதன் உச்ச அளவால் வகுக்க வேண்டும்.
* அதைப் பிளேட்லெட் எண்ணால் வகுக்க வேண்டும். இங்கே பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுக்க வேண்டும், அதாவது 1,60,000 என்றால் 160.
* கிடைத்ததை 100-ஆல் பெருக்க வேண்டும்.

உதாரணமாக எஸ்.ஜி.ஓ.டி 52, உச்ச அளவு 40, பிளேட்லெட் 1,60,000. 52-ஐ 40-ஆல் வகுத்தால் 1.3. அதை 160-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 0.8.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் 0.5-க்கு மேல் போனால் குறிப்பிடத்தக்க தழும்பு இருக்கலாம், 1-க்கு மேல் போனால் சிரோசிஸ் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது உத்தேசக் கணக்குதான், தவறாகவும் போகலாம். உறுதி செய்ய 'ஃபைப்ரோஸ்கேன்' எடுப்பார்கள். ஊசி, கத்தி எதுவும் கிடையாது, வயிற்று ஸ்கேன் போல மேலே வைத்து எடுப்பதுதான். அதில் 7 கிலோபாஸ்கலுக்கு மேல் என்றால் குறிப்பிடத்தக்க தழும்பு, 12.5-க்கு மேல் என்றால் சிரோசிஸ்.

இரண்டு ரிப்போர்ட்... யாருக்கு ஆபத்து அதிகம்?

புரிந்துகொள்வதற்காக இரண்டு மாதிரி ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் ரிப்போர்ட்: 23 வயதுப் பெண். ஹெச்.பி.இ.ஏஜி பாசிட்டிவ். வைரல் லோடு 20 கோடி. எஸ்.ஜி.பி.டி 17. பிளேட்லெட் 2.8 லட்சம்.

இரண்டாவது ரிப்போர்ட்: 46 வயது ஆண். ஹெச்.பி.இ.ஏஜி நெகட்டிவ். வைரல் லோடு 6,500. எஸ்.ஜி.பி.டி 58, எஸ்.ஜி.ஓ.டி 52. பிளேட்லெட் 1.6 லட்சம்.

எண்ணை மட்டும் பார்த்தால் முதல் ரிப்போர்ட்தான் பயமுறுத்தும். ஆனால் உடனே கவனிக்க வேண்டியது இரண்டாவது ரிப்போர்ட்டை.

கல்லீரலைக் காயப்படுத்துவது பெரும்பாலும் வைரஸ் நேரடியாக அல்ல. வைரஸ் புகுந்த செல்களை நம் எதிர்ப்பு சக்தி தாக்கும்போதுதான் காயம் உண்டாகிறது. அந்தச் சண்டையில் உடைந்த செல்களிலிருந்து கசிவதுதான் எஸ்.ஜி.பி.டி. சிறு வயதில் தொற்று வந்தவர்களுக்குப் பல வருடங்கள் வரை உடம்பு வைரஸைக் கண்டுகொள்ளாமல் இருக்கும். வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தாலும் சண்டை இல்லை, காயமும் குறைவு. முதல் ரிப்போர்ட்டில் இருப்பது அந்தக் கட்டம். மாத்திரை உடனே தேவைப்படாமல் போகலாம், ஆனால் சண்டை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதால் விடாமல் கண்காணிக்க வேண்டும். இந்தக் கட்டத்திலும் வயது, தழும்பின் அளவு, குடும்பப் பின்னணியைப் பார்த்து டாக்டர் சிகிச்சை தொடங்கலாம்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் சண்டை ஏற்கெனவே நடக்கிறது. வைரஸ் 2,000-ஐத் தாண்டியிருக்கிறது, எஸ்.ஜி.பி.டி ஏறியிருக்கிறது, ஏப்ரி ஸ்கோர் 0.8. மேலே கணக்குப் போட்ட உதாரணம் இவருடையதுதான். இவருக்குப் பல வருடம் முன்பு யாராவது 'கேரியர்தான், ஒண்ணும் பண்ண வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு அது சரியாகக்கூட இருந்திருக்கும். இன்றைக்கு அது சரியில்லை.

ஹெச்.பி.இ.ஏஜி நெகட்டிவ், வைரல் லோடு 2,000-க்குக் கீழே, எஸ்.ஜி.பி.டி நார்மல் என்று தொடர்ந்து பல ரிப்போர்ட்டுகளில் இருந்தால்தான் 'அடங்கிய நிலை' என்று சொல்வார்கள். பேச்சுவழக்கில் 'கேரியர்' என்பது இதைத்தான். அது நிரந்தரப் பட்டம் கிடையாது. நிலைமை மாறினால் பட்டமும் மாறும்.

மாத்திரை எப்போ தொடங்கணும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, பெரியவர்களில் கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது:

* கல்லீரலில் குறிப்பிடத்தக்க தழும்பு அல்லது சிரோசிஸ். வைரல் லோடு எவ்வளவாக இருந்தாலும் சரி.
* வைரல் லோடு 2,000-க்கு மேல், அதோடு எஸ்.ஜி.பி.டி உச்ச அளவைத் தாண்டியிருப்பது.
* ஹெச்.ஐ.வி, ஹெபடைடிஸ் சி அல்லது டி தொற்றும் சேர்ந்திருப்பது, குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் அல்லது சிரோசிஸ் வந்திருப்பது, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் சிகிச்சை, சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் போன்றவை.
* வைரல் லோடு டெஸ்ட் எடுக்க வசதியில்லாத இடத்தில், எஸ்.ஜி.பி.டி தொடர்ந்து ஏறியே இருப்பது.

டெனோபோவிர், என்டெகாவிர் ஆகியவைதான் முக்கிய மாத்திரைகள். தினமும் ஒரு மாத்திரை. என்டெகாவிரை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்.

மாத்திரை சாப்பிடுறவங்க ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

'மூணு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன், இன்னும் பாசிட்டிவ்னுதான் வருது, அப்போ மருந்து வேலை செய்யலையா?' என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. மாத்திரையின் வேலை வைரஸ் பெருகுவதைத் தடுப்பது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது வைரல் லோடு குறைகிறதா, எஸ்.ஜி.பி.டி இறங்குகிறதா என்பதைத்தான். ஹெச்.பி.எஸ்.ஏஜி நெகட்டிவாக மாறுவது வருடத்துக்கு 100-ல் ஒருவர் என்ற அளவில்தான் நடக்கும். பாசிட்டிவ் அப்படியே இருந்தாலும், வைரல் லோடு அடங்கியிருந்தால் மருந்து தன் வேலையைச் செய்கிறது.

அடங்கியிருந்த வைரல் லோடு திடீரென்று 10 மடங்கு ஏறினால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, மாத்திரையை விட்டுவிட்டோமா என்பதுதான். டெனோபோவிர் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் டெஸ்ட்டும் அவ்வப்போது எடுப்பார்கள்.

ரிப்போர்ட் நார்மல் ஆயிடுச்சு என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது மிகவும் ஆபத்து. அடக்கி வைத்திருந்த வைரஸ் மொத்தமாக எழும்பி, கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குக்கூடப் போகலாம்.

கர்ப்பிணிகளுக்கு...

கர்ப்பகாலத்தில் பாசிட்டிவ் என்று தெரிந்தால் பதற வேண்டாம், ஆனால் நேரத்தை வீணாக்கவும் கூடாது. வைரல் லோடு 2 லட்சத்துக்கு மேல் இருந்தாலோ, ஹெச்.பி.இ.ஏஜி பாசிட்டிவாக இருந்தாலோ குழந்தைக்குப் பரவாமல் தடுக்க டெனோபோவிர் கொடுக்கப்படும். மேலே பார்த்த முதல் ரிப்போர்ட்டுக்குரிய 23 வயதுப் பெண், தன் கல்லீரலுக்காக மாத்திரை தேவைப்படாதவராக இருந்தாலும், கர்ப்பமானால் குழந்தைக்காகத் தேவைப்படும்.

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டாக வேண்டும். கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்படும். அதன் பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசியோடு மற்ற டோஸ்கள். இதைச் சரியாகச் செய்தால் தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

'கீழாநெல்லி சாப்பிட்டா சரியாயிடாதா?'

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. இதற்குப் பின்னால் ஓர் உண்மையான ஆய்வும் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் எஸ்.பி.தியாகராஜனும், வைரஸைக் கண்டுபிடித்த அதே பிளம்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி மறைந்ததாக 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அது மிகச் சிறிய ஆய்வு. மருந்து சாப்பிட்டவர்கள் 37 பேர்தான். பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆனாலும் 'எங்க மாமாவுக்கு நல்லாச்சே' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலையும், பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி-யும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டதல்ல. கண்ணில் மஞ்சள் இறங்குவதும், பிலிருபின் நார்மலாவதும் வைரஸ் போனதற்கான அடையாளமும் இல்லை. நாட்டு மருந்தை நம்பி ரத்தப் பரிசோதனையை நிறுத்துவதும், மாத்திரையை விடுவதும்தான் உண்மையான நஷ்டம்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட்?

அடங்கிய நிலையில் இருப்பவர்கள் முதல் வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும் எஸ்.ஜி.பி.டி-யும், டாக்டர் சொல்லும்போது வைரல் லோடும் பார்க்க வேண்டும்.

சிரோசிஸ் இருப்பவர்கள், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்கள், ஆசியர்களில் 40 வயதைத் தாண்டிய ஆண்கள், 50 வயதைத் தாண்டிய பெண்கள் ஆகியோருக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் வராமலேயேகூடப் புற்றுநோய் வரலாம் என்பதுதான் காரணம். 'ஏ.எஃப்.பி' ரத்தப் பரிசோதனை இதற்குத் துணை மட்டுமே. அது நார்மலாக இருக்கிறது என்று ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது.

முடிந்தவரை ஒரே லேப்பில் எடுப்பது நல்லது. எண்களை ஒப்பிட அது உதவும்.

வீட்டில் மற்றவர்களுக்கு?

சேர்ந்து சாப்பிடுவது, ஒரே தட்டு, டம்ளர், கட்டிப்பிடிப்பது, இருமல் எதனாலும் ஹெபடைடிஸ் பி பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத்தான் பரவும். ரேஸர், பிளேடு, டூத் பிரஷ், நெயில் கட்டர் ஆகியவற்றைப் பகிரக் கூடாது. ஒருவருக்கு பாசிட்டிவ் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டும். தொற்றும் பாதுகாப்பும் இல்லாதவர்கள் 0, 1, 6 மாதம் என்ற கணக்கில் மூன்று டோஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

இலவசமாக எங்கே கிடைக்கும்?

மத்திய அரசு 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனைகளும் மாத்திரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வைரல் லோடு டெஸ்ட்டும் இதில் அடங்கும். அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* என்னுடைய தொற்று இப்போ எந்தக் கட்டத்தில் இருக்கு?
* போன முறையைவிட வைரல் லோடு, எஸ்.ஜி.பி.டி, பிளேட்லெட் எப்படி மாறியிருக்கு?
* கல்லீரலில் தழும்பு இருக்கா? ஃபைப்ரோஸ்கேன் தேவையா?
* மாத்திரை இப்போ வேண்டாம்னா, எந்த எண் மாறினா வேண்டியிருக்கும்?
* அடுத்த டெஸ்ட், அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில்?

ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்திருங்கள். போனில் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளலாம். தேதி, வைரல் லோடு, எஸ்.ஜி.பி.டி, பிளேட்லெட் ஆகிய நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துப் போனால், நீங்கள் முதல்முறை பார்க்கும் டாக்டருக்குக்கூட உங்கள் கல்லீரலின் பத்து வருடக் கதை ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.